அமெரிக்காவின் 50 சதவீத வரி: சிறிய பின்னலாடை ஏற்றுமதியாளர் எந்த அரசு உதவியை முதலில் நாடுவது?

கேள்வி: பின்னல்நகர், 2025 டிசம்பர் 5

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஆண்டு விற்றுமுதல் ஏறக்குறைய 18 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்குச் செல்லும் பருத்தி டி-சர்ட்டுகளும் குழந்தைகள் உடைகளும்தான். தையல், செக்கிங், பேக்கிங் ஆகியவை எங்கள் கம்பெனியிலேயே நடக்கின்றன. நிட்டிங், சாயம், பிரின்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை).

ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெய்யைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதமும் அமெரிக்கா விதித்தது எல்லோருக்கும் தெரியும். பருத்தி டி-சர்ட்டுக்கு முன்பிருந்தே 16.5 சதவீத வரி உண்டு என்பதால், எங்கள் சரக்கு அங்கே இறங்கும்போது மொத்தம் 66.5 சதவீதம் ஆகிறது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம் மட்டுமே என்பதால், பையர் (சரக்கை வாங்குபவர்) எங்களிடம் பேசும்போதே டாக்காவின் விலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

இப்போதைய நிலை இது. ஜூன் மாதம் பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பும் முன் வங்கி தரும் ஏற்றுமதிக் கடன்) எடுத்துத் தைத்த ஓர் ஆர்டரை பையர் செப்டம்பரில் ரத்து செய்துவிட்டார். அந்தச் சரக்கு அப்படியே குடோனில் இருக்கிறது. ஏற்கெனவே அனுப்பிய வேறொரு ஆர்டருக்கு 18 சதவீதத் தள்ளுபடியும், பணம் செலுத்த 60 நாளுக்குப் பதிலாக 120 நாள் அவகாசமும் கேட்கிறார். வங்கியில் எங்களுக்குள்ள ஏற்றுமதிக் கடன் வரம்பு 3 கோடி ரூபாய். இயந்திரங்களுக்கு வாங்கிய டேர்ம் லோனுக்குத் தவணை தனியாக ஓடுகிறது. மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் நவம்பரில் பல சலுகைகளை அறிவித்ததாகப் படித்தேன். கிளையில் போய்க் கேட்டால், மேலிடத்திலிருந்து இன்னும் எதுவும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எந்த உதவி எதற்குப் பயன்படும், எதை முதலில் கேட்க வேண்டும், எதைத் தொடாமல் விடுவது நல்லது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கடன் அலுவலர், 2025 டிசம்பர் 6

வணக்கம். வங்கி ஒன்றில் ஏற்றுமதிக் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு: நவம்பர் 12 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஏற்றுமதியாளர் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்று; நவம்பர் 14 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட வர்த்தக நிவாரண வழிகாட்டுதல்கள் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு கிளைக்குச் சென்றால், கிளையில் இருப்பவரும் குழம்பிப்போய் உங்களைத் திருப்பி அனுப்புவது இயல்பு.

ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்களை முதலில் பார்ப்போம். பின்னலாடை அதில் குறிப்பிடப்பட்ட துறைகளுள் ஒன்று. ஆகஸ்ட் 31 அன்று உங்கள் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படாமல் இருந்தால் போதும். செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை விழும் டேர்ம் லோன் தவணைகளையும், நடைமுறை மூலதனக் கடனுக்கான வட்டியையும் தள்ளிவைக்க வங்கிக்கு அனுமதி உண்டு. அந்தக் காலத்துக்குத் தனிவட்டி மட்டுமே கணக்கிடப்படும். வட்டிக்கு வட்டி கிடையாது. சேர்ந்த வட்டியைத் தனிக் கடனாக மாற்றி, 2026 மார்ச் 31-க்குப் பிறகு தொடங்கி செப்டம்பர் 30-க்குள் கட்டி முடிக்க வேண்டும். 3 கோடியும் முழுமையாக எடுக்கப்பட்டு வட்டி 9.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நான்கு மாத வட்டி மட்டும் 9.5 லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டின் வழக்கமான வட்டியுடன் இந்தத் தொகையும் சேர்ந்து வரும். அப்போது ஆர்டர் வந்திருக்குமா என்பதை யோசித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

தள்ளிவைப்பைக் காட்டிலும் உங்களுக்குப் பயன் தரக்கூடிய மூன்று அம்சங்கள் அதே வழிகாட்டுதல்களில் இருக்கின்றன. செய்தித்தாள்கள் அவற்றை அதிகம் பேசவில்லை.

2026 மார்ச் 31 வரை வழங்கப்படும் ஏற்றுமதிக் கடன்களுக்கான கால வரம்பு 270 நாளிலிருந்து 450 நாளாக உயர்த்தப்பட்டுள்ளது. பையர் 120 நாள் கேட்பது உங்கள் கைப்பணத்தை நெருக்கினாலும், வங்கிக் கணக்கில் கடன் உடனடியாகக் காலாவதியாகாது. அடுத்தது, ஆகஸ்ட் 31 வரை எடுத்த பேக்கிங் கிரெடிட்டுக்கு உரிய சரக்கை அனுப்ப முடியாமல் போனால், அந்தக் கடனை உள்நாட்டில் விற்ற பணத்திலோ வேறொரு ஏற்றுமதி ஆர்டரை மாற்றாகக் காட்டியோ அடைக்கலாம். உங்கள் குடோனில் இருக்கும் சரக்குக்கு இதுதான் வழி. மூன்றாவது, மார்ஜினை, அதாவது சரக்கு மதிப்பில் வங்கி கடன் தராமல் கழித்துக்கொள்ளும் பங்கை, குறைத்தோ வரம்பை மறுமதிப்பீடு செய்தோ, எடுக்கத்தக்க தொகையைத் திரும்பக் கணக்கிட வங்கிக்கு இடமுண்டு. சரக்கு விலை சரிந்து, வங்கிக்குக் கொடுக்கும் சரக்கிருப்பு அறிக்கையான ஸ்டாக் ஸ்டேட்மென்டில் தொகை குறைந்து, வரம்பு இருந்தும் பணம் எடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை எல்லாம் வங்கி தரலாம் என்ற அளவிலான அனுமதிகள். தந்தே தீர வேண்டும் என்ற கட்டளைகள் அல்ல. ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு கொள்கை வகுத்து அதன்படி முடிவெடுக்கும். ஆகவே கிளையில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்புவதில் பயனில்லை. ரத்து செய்யப்பட்ட ஆர்டரின் மின்னஞ்சல், ஜூன் மாதப் பேக்கிங் கிரெடிட்டின் விவரம், ஆகஸ்டுக்கு முன்னும் பின்னும் அமெரிக்க ஏற்றுமதி எவ்வளவு என்ற அட்டவணை ஆகியவற்றை இணைத்து, எந்த நிவாரணம் வேண்டும் என்று பெயர் சொல்லி ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். டிசம்பர் 31 நெருங்கிவிட்டது என்பதால் தவணை தள்ளிவைப்புக் கோரிக்கையை இந்த வாரமே கொடுத்தாக வேண்டும்.

கடன் உத்தரவாதத் திட்டம் வேறு வகை. ஏற்கெனவே உள்ள ஏற்றுமதிக் கடன் வரம்பில் 20 சதவீதம் வரை, கூடுதல் பிணையம் இன்றி வங்கி கடன் தரும். அதற்கு என்சிஜிடிசி என்ற மத்திய அரசு நிறுவனம் 100 சதவீத உத்தரவாதம் அளிக்கிறது. மொத்த ஒதுக்கீடு 20,000 கோடி ரூபாய். 2026 மார்ச் 31 வரைதான் நடைமுறையில் இருக்கும். உங்கள் கணக்கில் இது 60 லட்சம் ரூபாய். உத்தரவாதம் வங்கிக்குத்தானே தவிர உங்களுக்கு அல்ல. கடனை நீங்கள்தான் திருப்பிக் கட்ட வேண்டும்.

பதில் 2: ஆவணமேசை, 2025 டிசம்பர் 6

மேலே ஐயா எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வங்கிக்குக் கடிதம் எழுதும் முன் நீங்கள் தள்ளுபடி விஷயத்தில் பையருக்கு எந்தப் பதிலும் அனுப்பாமல் இருப்பது அதைவிட அவசரமானது. ஏற்றுமதி ஆவணங்களையும் ஈசிஜிசி (மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) காப்பீட்டையும் கவனிக்கும் வேலையில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த ஈசிஜிசி என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் மாதந்தோறும் ஈசிஜிசி பிரீமியம் பிடிக்கிறார்கள், ஆகவே நமக்குக் காப்பீடு இருக்கிறது என்று நம்பும் நிறுவனங்கள் திருப்பூரில் ஏராளம். அந்தப் பிரீமியம் பெரும்பாலும் வங்கி தன் கடனுக்காக எடுத்துக்கொள்ளும் காப்பீட்டுக்கு உரியது. உங்கள் பையர் பணம் தராமல் போனால் உங்களுக்கு இழப்பீடு கிடைக்க வேண்டுமானால், உங்கள் நிறுவனத்தின் பெயரில் தனியாகப் பாலிசியும், அந்தப் பையரின் பெயரில் ஒப்புதல் பெற்ற கடன் வரம்பும் இருக்க வேண்டும்.

பாலிசி இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பையர் திவாலானாலும், சரக்கை ஏற்க மறுத்தாலும், நெடுநாள் பணம் தராமல் இழுத்தடித்தாலும் அது காப்பீட்டுக்குள் வரும். வரி ஏறிவிட்டது, ஆகவே 18 சதவீதம் குறைத்துக்கொள் என்று அவர் கேட்டு நீங்கள் சம்மதித்தால், அது நீங்களே விரும்பி விட்டுக்கொடுத்த தொகை. அதற்கு இழப்பீடு கிடையாது. பணம் செலுத்தும் தேதியை ஈசிஜிசியின் ஒப்புதல் இல்லாமல் நீட்டித்தாலோ, சரக்கை அங்கேயே வேறொருவருக்குக் குறைந்த விலைக்கு விற்றாலோ மீதித் தொகைக்கான உரிமையும் சிக்கலாகிவிடும். நிலுவைத் தேதி கடந்து 30 நாளுக்கு மேலான பில்களை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியையும் பலர் தவறவிடுகிறார்கள். தரம் சரியில்லை என்று பையர் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால், அந்தத் தகராறு தீரும் வரை கோரிக்கை நகராது. இப்போது வரிச்சுமையைத் தள்ளிவிட நினைக்கும் பையர்கள் திடீரென்று அளவில் குறை, நிறத்தில் குறை என்று எழுதத் தொடங்கியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆகவே அவருடைய ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அன்றே, சரக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட தரத்தில்தான் அனுப்பப்பட்டது என்று இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டுடன் பதில் எழுதி வையுங்கள்.

தள்ளுபடி தவிர்க்கவே முடியாது என்றால், வங்கியின் மூலம் இன்வாய்ஸ் தொகையைக் குறைக்க முறைப்படி அனுமதி பெறுங்கள். 25 சதவீதம் வரையிலான குறைப்புக்கு அன்னியச் செலாவணி வங்கியே அனுமதி தரலாம். குறைத்த தொகைக்கு உரிய டிராபேக் (ஏற்றுமதிக்காகத் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி), ஆர்ஓஎஸ்சிடிஎல் (ஆடைகள் மீதான மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தரும் சலுகை) ஆகியவற்றை அதே விகிதத்தில் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும். அனுமதியில்லாமல் குறைந்த பணத்தைப் பெற்றுக்கொண்டால், அந்த ஷிப்பிங் பில் (சுங்கத்துறையில் தாக்கல் செய்த ஏற்றுமதி ஆவணம்) வங்கியின் பதிவில் முடியாமல் தொங்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஏற்றுமதிப் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான ஃபெமா (அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) கால வரம்பு 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நவம்பரில் நீட்டிக்கப்பட்டது. ஆர்ஓஎஸ்சிடிஎல் சலுகை, பணம் உரிய காலத்தில் வந்து சேர்வதைப் பொறுத்தது என்பதால், பையர் தாமதித்தாலும் ஏற்கெனவே பெற்ற சலுகையைத் திருப்பிக் கேட்கும் நிலை உடனே வராது.

கடைசியாக, உங்கள் ஒப்பந்தம் எஃப்ஓபியா (நம் துறைமுகத்தில் கப்பலேற்றுவதோடு உங்கள் பொறுப்பு முடிவது) டிடிபியா (அங்குள்ள வரியையும் நீங்களே கட்டிச் சேர்ப்பது) என்று பாருங்கள். எஃப்ஓபி என்றால் அமெரிக்கச் சுங்க வரியைக் கட்டுவது இறக்குமதி செய்யும் பையரின் கடமை. அதைச் சொல்லிப் பேரம் பேசும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பதில் 3: காதர்பேட்டை வாசகர், 2025 டிசம்பர் 7

நானும் இதே ஊரில் இதே தொழிலில் இருப்பவன். முதல் பதில் எழுதிய ஐயாவிடம் மரியாதையுடன் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். 60 லட்சம் கிடைக்கிறதே என்று வாங்கி, அதை அமெரிக்கப் பையருக்குத் தள்ளுபடி கொடுக்கச் செலவழிக்கும் வேலையைத்தான் இப்போது பலர் செய்துகொண்டிருக்கிறார்கள். பையரிடம் கொடுத்த 18 சதவீதம் திரும்பி வராது. வங்கிக் கடன் மட்டும் நிற்கும். நம் தொழிலில் நல்ல ஆண்டிலேயே லாபம் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். அந்த 60 லட்சத்தை வாங்குவதானால், வேறு நாட்டு ஆர்டருக்கான நூலுக்கும் துணிக்கும் மட்டும் செலவிடுவது என்ற உறுதியுடன் வாங்குங்கள்.

ரத்தான சரக்கைப் பற்றி நடைமுறையில் ஒரு சொல். நம் ஊரின் உள்நாட்டு ஆடைச் சந்தையான காதர்பேட்டையில் ஸ்டாக் லாட்டாக (தேங்கிய சரக்காக மொத்தமாக) விற்கும் முன் பையரின் பிராண்ட் லேபிளையும் தொங்கு அட்டையையும் எடுத்துவிடுங்கள்; அவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டாலும் வணிகமுத்திரை அவருடையதுதான். ஜிப், பட்டன் போன்றவற்றை அட்வான்ஸ் ஆதரைசேஷனில் (ஏற்றுமதிப் பொருளுக்கான உள்ளீடுகளுக்கு வரிவிலக்கு தரும் உரிமம்) வரியின்றி இறக்குமதி செய்திருந்தால், உள்நாட்டில் விற்கும்போது அந்த வரியைக் கட்ட நேரும். இதையெல்லாம் கழித்த பிறகும் குடோனில் வைத்திருப்பதைவிட விற்பது மேல். பேக்கிங் கிரெடிட் அடையும், வட்டி நிற்கும்.

செலவுப் பக்கத்தில் அரசு செய்தவற்றில் பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19 முதல் நீக்கி, பின்னர் டிசம்பர் 31 வரை நீட்டித்தது குறிப்பிடத்தக்கது. ஆனால் நாம் நூலாக வாங்குகிறவர்கள் என்பதால் அதன் பலன் நூல் விலையில் எவ்வளவு வந்து சேரும் என்பது மில்காரர்களின் மனத்தைப் பொறுத்தது. செப்டம்பர் 22 முதல் செயற்கை இழை நூலுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, பாலியஸ்டர் கலந்து தைப்பவர்களுக்கு உண்மையில் உதவியது. ரீஃபண்டுக்காக முடங்கும் பணம் குறைகிறது.

சந்தையை மாற்றுங்கள் என்று எல்லோரும் எளிதாகச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 2022 ஒப்பந்தங்களின்படி நம் ஆடைகளுக்கு வரி வாங்குவதில்லை. பிரிட்டனுடனான ஒப்பந்தம் ஜூலை 24 அன்று கையெழுத்தானாலும் நடைமுறைக்கு இன்னும் வரவில்லை. வந்தால் அங்கே வங்கதேசத்தோடு சமமாக நிற்கலாம் என்பதால், சாம்பிள் அனுப்பும் வேலையை இப்போதே தொடங்குவது சரி. அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த எஃப்டா (சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு) ஒப்பந்தத்தைப் பெரிதாகக் கொண்டாடியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சுவிட்சர்லாந்து 2024 ஜனவரியிலேயே எல்லா நாட்டுத் தொழிற்பொருள்களுக்கும் வரியை நீக்கிவிட்டது, நமக்கு அங்கே தனிச் சலுகை என்று பெரிதாக எதுவும் இல்லை.

25,060 கோடி ரூபாய் ஏற்றுமதி ஊக்குவிப்பு மிஷன் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது 2030-31 வரை ஆறு ஆண்டுகளுக்கான தொகை. 2024 டிசம்பர் 31 அன்று பழைய வட்டிச் சமன்பாட்டுத் திட்டம் (ஏற்றுமதிக் கடன் வட்டியில் ஒரு பகுதியை அரசு ஏற்ற திட்டம்) முடிந்ததிலிருந்து நம்மைப் போன்றவர்கள் எதிர்பார்த்திருப்பது வட்டி மானியத்தைத்தான். அதற்கான விதிமுறைகள் வரும் வரை அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை சொல்லாதீர்கள்.

பின்னல்நகர், 2025 டிசம்பர் 9

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தள்ளுபடிக்குச் சம்மதம் தெரிவித்து எழுதி வைத்திருந்த மின்னஞ்சலை அனுப்பவில்லை. பார்த்தபோது வங்கி பிடித்தது வங்கியின் காப்பீட்டுக்கான பிரீமியம்தான். எங்கள் பெயரில் பாலிசி இல்லை. இனி அனுப்பும் சரக்குக்காவது எடுக்க விண்ணப்பித்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகங்கள். எனக்குப் பணம் வர 15 மாதம்வரை அவகாசம் இருக்கிறது. நான் சாயப்பட்டறைக்கும் பிரின்டிங் யூனிட்டுக்கும் தர வேண்டிய பணத்துக்கு இப்படி ஏதும் தளர்வு உண்டா? மேலும், இபிசிஜி திட்டத்தில் (ஏற்றுமதி செய்வதாக உறுதி தந்து இயந்திரங்களைச் சுங்க வரிச் சலுகையில் கொண்டுவரும் திட்டம்) இறக்குமதி செய்த நிட்டிங் இயந்திரத்துக்கு ஏற்றுமதிக் கடப்பாடு பாக்கி இருக்கிறது. அதை ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் நிறுவியிருக்கிறோம். இந்த ஆண்டு ஏற்றுமதி குறைந்தால் என்ன ஆகும்?

பதில் 4: கொங்கு ஆடிட்டர், 2025 டிசம்பர் 10

முதல் சந்தேகத்துக்கு விடை: தளர்வு இல்லை. உதயம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். இந்தக் கெடு கடந்து மார்ச் 31 அன்று நிலுவையில் நிற்கும் தொகையை, வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவின்படி, அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். ஏற்றுமதியாளருக்குக் கிடைத்த அவகாசம் அவருக்குப் பின்னால் நிற்கும் ஜாப் ஒர்க்காரருக்குக் கைமாறுவதில்லை என்பது இந்த நிவாரணங்களின் பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். ஆகவே காதர்பேட்டையில் விற்று வரும் பணத்தில் பேக்கிங் கிரெடிட் போக மிஞ்சுவதை, மார்ச்சுக்குள் சாயப்பட்டறைக்கும் பிரின்டிங்குக்கும் ஒதுக்குங்கள்.

இபிசிஜி பற்றி: சேமித்த வரியைப் போல ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு ஆண்டுகளில் முடிக்க வேண்டும் என்ற அடிப்படைக் கடப்பாடு அப்படியே இருக்கும். ஆண்டுதோறும் பழைய ஏற்றுமதிச் சராசரியைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு மட்டும் வழி உண்டு. ஒரு பொருள்வகையின் நாடு தழுவிய ஏற்றுமதி முந்தைய ஆண்டைவிட 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்த ஆண்டுக்குரிய சராசரியை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அனுமதிக்கும். உங்கள் நிறுவனத்தின் வீழ்ச்சி கணக்கில் வராது, துறையின் வீழ்ச்சியே வரும். இயந்திரம் நிறுவப்பட்டிருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டின் முகவரி உரிமத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் உடனே சரிபாருங்கள்.

ஓய்வுபெற்ற கடன் அலுவலர், 2026 ஜனவரி 5

காதர்பேட்டை நண்பர் எதிர்பார்த்த வட்டி மானியம் ஜனவரி 2 அன்று அறிவிக்கப்பட்டுவிட்டது. குறு, சிறு, நடுத்தர ஏற்றுமதியாளர்களுக்கு, ஏற்றுமதிக்கு முன்னும் பின்னும் எடுக்கும் ரூபாய்க் கடனுக்கு அடிப்படை விகிதம் 2.75 சதவீதம், ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. பழைய திட்டத்தில் சிறு உற்பத்தியாளருக்கு 3 சதவீதம் கிடைத்தது என்பதால் கொஞ்சம் குறைவுதான். பின்னல்நகர் நண்பருக்குச் சராசரியாக இரண்டரைக் கோடி நிலுவை இருந்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 6.9 லட்சம் ரூபாய் வரும். அரசு வெளியிட்டுள்ள பட்டியலில் உங்கள் பொருளின் ஆறு இலக்க எச்எஸ் குறியீடு (சுங்க வகைப்பாட்டு எண்) இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இதனுடன் பிணைய உதவியும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களின் ஏற்றுமதிக் கடனில் 85 சதவீதத்துக்கும், நடுத்தர நிறுவனங்களுக்கு 65 சதவீதத்துக்கும், 10 கோடி ரூபாய் வரை உத்தரவாதம் கிடைக்கும். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருப்பதால் வரம்பை உயர்த்த முடியாமல் நிற்பவர்கள், வரம்பைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்திலேயே இதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.